பெட்டி என்ன மரம்?

ஜி.பி. ரோட்டில் கார் சாமான் விற்கும் கடைகளில் நாம் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. வண்டியைப் பார்த்த பார்வையிலேயே நமக்கு என்ன தேவை என்று கடைப் பையன் முடிவு கட்டிவிடுகிறான். "பேஸ் நல்லா அடிக்கணும், அதான சார்? பத்து இஞ்ச் போடலாமா, பன்னெண்டா?" என்றான். சாம்பிளுக்கென்று கடை வாசலில் ஒரு கார் நின்றது. அதன் டிக்கியைத் திறந்தான். நீல விளக்கு சுற்றிய இரண்டு பன்னிரண்டு அங்குல சப்வூஃபர்கள். பாட்டைப் போட்டதும் எதிர்க்கடைக் கண்ணாடிக் கதவு நடுங்கியது. எனக்கு நெஞ்சுக்குழிக்குள் யாரோ குத்துவது போலிருந்தது.

அப்பா என்னோடு வந்திருந்தார். காது மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டிக்கி மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பெட்டியின் பக்கவாட்டில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார்.

"பெட்டி என்ன மரம் தம்பி?"

"ரெடிமேட் பெட்டி பெரியவரே. மரமெல்லாம் யாரு பாக்குறா?"

"உள்ள எவ்வளவு காத்து பிடிக்கும்?"

பையன் என்னைத்தான் பார்த்தான். அனுதாபப் பார்வை. அன்றைக்கு ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டோம். வாங்குவதற்கு இன்னும் ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதத்தில் நான் படித்ததையெல்லாம் திரட்டினால், அப்பா கேட்ட அந்த இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேடி மனிதர்கள் செலவழித்த ஏறத்தாழ நூறு வருடத்தின் கதை அது. எத்தனை இஞ்ச் என்ற கேள்வி அதில் கடைசியில்தான் வருகிறது.

அப்பா வத்தலக்குண்டு பக்கத்தில் முப்பது வருடம் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அப்பாவின் குழாய்தான். பனைமரத்திலோ தென்னையிலோ கட்டிவிட்டால் மூன்று ஊருக்குக் கேட்கும். ஆனால் அதில் பேஸ் கிடையாது. டி.எம்.எஸ். குரல்கூட மூக்கால் பாடுவது மாதிரிதான் வரும். தவில் 'டும்' என்று வராது, 'டக்' என்று வரும். சின்ன வயதில் நான் அதைத்தான் தவில் சத்தம் என்றே நினைத்திருந்தேன். நேரில் முதன்முதலாக ஒரு தவிலின் பக்கத்தில் உட்கார்ந்தபோது பயந்து எழுந்து ஓடியதாக அம்மா சொல்வாள்.

காரணம் எளிமையானது. குழாய் ஸ்பீக்கரின் வாய்ச் சுற்றளவு ஏறக்குறைய ஒலியின் ஓர் அலைநீளம் அளவாவது இருந்தால்தான் அந்த ஒலி ஒழுங்காக வெளியே போகும். ஒன்றரை அடி அகல வாயுள்ள குழாய் சுமார் 250 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் குழாய்க்குள்ளேயே செத்துப்போகும். ஆண் குரலின் அடிச்சுருதி நூறு, நூற்றிருபது ஹெர்ட்ஸில் இருக்கிறது. அது வெளியே வருவதே இல்லை. மேலே உள்ள சுரங்களை வைத்து நம் காதுதான் அதை ஊகித்துக்கொள்கிறது. 40 ஹெர்ட்ஸைக் குழாய் வழியாகக் கேட்க வேண்டுமென்றால் குழாயின் வாய் ஒன்பது அடி அகலம் வேண்டும். அதைக் கட்டுவதற்கு எங்கள் ஊரில் பனைமரம் இல்லை.

அதாவது, ஆழமான ஒலி வேண்டுமென்றால் முதலில் குழாயை விட வேண்டும். 1925-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையின் தலைப்பிலேயே 'குழாய் இல்லாத ஒலிபெருக்கி' என்றுதான் இருந்தது. (சோள அவல் கெல்லாக் வேறு.) காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச்சுருள், அதில் ஒட்டிய காகிதக் கூம்பு. சுருள் அசைந்தால் கூம்பு அசையும், கூம்பு காற்றைத் தள்ளும். அசையும் சுருள் என்ற எண்ணம் அவர்களுடையதல்ல. ஜெர்மனியின் வெர்னர் சீமென்ஸ் 1874-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ரைஸும் கெல்லாக்கும் செய்தது வேறு. கூம்பை இலகுவாகத் தொங்கவிட்டு, அதன் இயற்கையான அதிர்வு நாம் கேட்க வேண்டிய ஒலிகளுக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். அப்படிச் செய்தால் அதற்கு மேலே உள்ள எல்லாச் சுருதியும் ஏறத்தாழ ஒரே அளவில் வெளிவரும் என்று கணக்கோடு காட்டினார்கள். இன்று ஜி.பி. ரோட்டில் விற்கும் அத்தனை சப்வூஃபரும் அந்தக் கூம்பின் பேரப்பிள்ளைகள்தான்.

அதிர்வைக் கீழே இறக்க எடை கூட்ட வேண்டும் என்பது நம் ஊரில் மிருதங்கம் வாசிக்கிறவர்களுக்குத் தெரிந்த விஷயம். கச்சேரிக்கு முன்னால் தொப்பியில் ரவையைக் குழைத்து அப்புகிறார்களே, அது அதற்குத்தான். தோல் கனக்கிறது, சுருதி இறங்குகிறது. கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள்.

குழாயை விட்டதும் புதிய தொல்லை ஒன்று முளைத்தது. கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்பக்கம் காற்று அழுந்துகிறது, பின்பக்கம் தளர்கிறது. மேல் சுருதிகளில் இது பெரிய பாதிப்பில்லை. கீழ்ச் சுருதிகளில் முன்னால் கிளம்பிய காற்று சுற்றிக்கொண்டு பின்னால் போய்ச் சமன் செய்துவிடும். கூம்பு உயிரைக் கொடுத்து அசையும், ஒன்றும் கேட்காது. ஒரு வூஃபரைப் பெட்டியில்லாமல் மேசை மேல் வைத்து ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், டிரான்சிஸ்டர் ரேடியோ மாதிரிதான் இருக்கும். ஆகவே முன்னையும் பின்னையும் பிரிக்க ஒரு சுவர் வேண்டும். சுவரை மடித்தால் பெட்டி. ஒலிபெருக்கியின் வரலாறு இதற்குப் பிறகு தச்சனின் வரலாறாகிவிடுகிறது.

கார் இந்தக் கதைக்குள் நுழைவது 1930-இல். சிகாகோவில் பால் கால்வின் என்பவர் தம்பியோடு சேர்ந்து ஒரு சிறிய நிறுவனம் நடத்திவந்தார். அந்த ஆண்டு ஜூனில் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ உற்பத்தியாளர் மாநாடு நடந்தது. தன் ஸ்டூடிபேக்கர் காரில் ரேடியோவை மாட்டி ஓட்டிக்கொண்டு போனார். உள்ளே கடை போட வசதியில்லை. வெளியே காரை நிறுத்தி, ஒலியைக் கூட்டி வைத்து வருகிறவர் போகிறவரைக் கேட்க வைத்தார். அந்த ரேடியோவுக்கு வைத்த பெயர்தான் மோட்டோரோலா. எஞ்சினின் மின்பொறி எழுப்பும் கரகரப்பை அடக்குவதே அன்றைக்குப் பெரிய வித்தையாக இருந்தது. பேஸைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. அடுத்த நாற்பது ஐம்பது வருடத்துக்கும் காரில் ஸ்பீக்கர் என்றால் டேஷ்போர்டுக்குள் அல்லது கதவுக்குள் செருகிய சிறிய கூம்புதான். கதவு என்பது ஓட்டை விழுந்த தகரப் பெட்டி. அதில் நல்ல பேஸ் வராது.

இதற்கிடையில் பெட்டியைப் பற்றி இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. அவை இன்றும் இருக்கின்றன. கடையில் போய் "சீல்டா, போர்ட்டடா?" என்று கேட்டால் அரை மணி நேரம் வாதம் நடக்கும்.

முதல் கட்சி ஓட்டை போட்ட பெட்டிக்காரர்கள். பெல் ஆய்வகத்தில் இருந்த ஆல்பர்ட் துராஸ் 1930-இல் விண்ணப்பித்து 1932-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பின்பக்க ஒலியை ஏன் வீணாக்க வேண்டும்? பெட்டியில் ஒரு துளை போட்டு, அளவாக ஒரு குழல் வைத்தால், குழலுக்குள் இருக்கும் காற்று ஓர் எடைபோலவும் பெட்டிக்குள் இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங் போலவும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட சுருதியில் தானே அதிரும். கூம்புக்கு அந்தச் சுருதியில் வேலையே மிச்சம்; குழல்தான் பாடும். இந்த இயற்பியலை ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். கடம் வாசிக்கிறவர் பானையின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் வாசிப்பதைக் கவனித்தால் ஹெல்ம்ஹோல்ட்ஸைப் படிக்க வேண்டியதில்லை. வாய் அடைபட அடைபட நாதம் கீழே இறங்கும். பானைக்குள் இருக்கும் காற்றும் அதன் வாயும் சேர்ந்துதான் அந்த 'கும்' என்ற ஒலியைத் தருகின்றன.

அப்பாவும் இந்தக் கட்சியில் சில காலம் இருந்தார். எண்பதுகளின் நடுவில் மதுரையில் ஒரு கச்சேரியில் 'பாக்ஸ்' ஸ்பீக்கர் பார்த்துவிட்டு வந்து, கள்ளிப்பெட்டிப் பலகையில் தானே இரண்டு பெட்டி அடித்தார். அளவெல்லாம் கண் மதிப்புதான். முதலில் மூடிய பெட்டி. பிறகு மதுரையில் பார்த்தது மாதிரியே கீழே வட்டமாக ஓட்டை. ஓட்டை போட்டதும் சத்தம் 'திம்'மென்று எழும்பியது, ஊரே அசந்துபோனது. அந்த வருடப் பங்குனித் திருவிழாவில், ராத்திரி பதினோரு மணிக்கு, உறுமி பதிவு செய்த கேசட் ஒன்றைப் போட்டபோது வலது பெட்டியின் கூம்பு கிழிந்து தொங்கியது. பத்து நிமிஷத்தில் இடதும் போனது. வாங்கின கடனை அடைக்க அடுத்த தீபாவளி வரைக்கும் ஆனது.

ஏன் கிழிந்தது என்று அப்பாவுக்கு அப்போது புரியவில்லை. எனக்கு இப்போது புரிகிறது. ஓட்டைப் பெட்டி எந்தச் சுருதிக்கு அமைந்திருக்கிறதோ அதற்குக் கீழே போனால், உள்ளே இருக்கும் காற்று கூம்பைத் தாங்குவதை விட்டுவிடும். காற்று ஓட்டை வழியாகத் தப்பிவிடுகிறது. கூம்பு பெட்டியே இல்லாதது மாதிரி அந்தரத்தில் ஆடும். உறுமியின் இழுப்பு அவ்வளவு கீழே போயிருக்கும். அப்பா தன் வழியில் பாடம் கற்றுக்கொண்டார். புதுக் கூம்பு மாட்டி, ஓட்டையைப் பலகை வைத்து அடைத்து, உள்ளே பழைய வேட்டியைத் திணித்தார். "சத்தம் கொறைஞ்சு போச்சு. ஆனா ஸ்பீக்கர் பொழைச்சுக்கிருச்சு" என்பார்.

அப்பா தெரியாமல் போய்ச் சேர்ந்த இரண்டாவது கட்சிக்கு எட்கர் வில்ச்சூர் என்பவர் தலைவர். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த ஆள். கலை வரலாற்றில் முதுகலை படித்தவர், நாடக மேடை வடிவமைப்பு கற்றவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் நியூ கினியில் வானொலிக் கருவிகளைப் பழுது பார்த்தார். ஒலி அவருக்கு அங்கே ஒட்டிக்கொண்டது. பிறகு நியூயார்க்கில் மாலை வகுப்பு எடுத்தார். அன்றைக்கு நல்ல பேஸ் வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும். பெட்டியைச் சிறிதாக்கினால் உள்ளே அடைபட்ட காற்று விறைப்பான ஸ்பிரிங்காகிக் கூம்பை முடக்கிவிடும். கூம்பின் விளிம்பில் ஏற்கெனவே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் அதிர்வு மேலே ஏறிவிடும். வில்ச்சூர் நினைத்தது இதுதான்: கூம்பின் விளிம்பைத் தொளதொளவென்று விட்டுவிட்டால் என்ன? அடைபட்ட காற்றே ஸ்பிரிங்காக இருக்கட்டும். ரப்பரையும் துணியையும்விடக் காற்று நேர்மையான ஸ்பிரிங். எவ்வளவு தள்ளினாலும் ஏறக்குறைய அதே விகிதத்தில் திருப்பித் தள்ளும்.

சோதனைக்கு ஒரு ஸ்பீக்கரின் விளிம்பை வெட்டி எறிந்துவிட்டு, பழைய மெத்தை உறைத் துணியில் புது விளிம்பு தைத்தார். அதற்கான வெட்டு வடிவத்தைப் போட்டுக் கொடுத்தவர் அவருடைய மனைவி ரோஸ்மேரி. கம்பெனிகளிடம் கொண்டுபோனார், யாரும் வாங்கவில்லை. கடைசியில் வகுப்பில் படித்த ஹென்றி க்ளாஸ் என்ற மாணவரோடு சேர்ந்து 1954-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்ப்ரிட்ஜில் அக்கவுஸ்டிக் ரிசர்ச் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஏஆர்-1 என்ற அந்தப் பெட்டி புத்தக அலமாரியில் அடங்கும். பீரோக்கள் கொடுத்ததைவிடச் சுத்தமான பேஸ் அதில் வந்தது. காப்புரிமை பிற்பாடு நீதிமன்றத்தில் செல்லாமல் போனது, அவர் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. டிக்கியின் மூலையில் அடங்கும் ஒரு பெட்டியில் சப்வூஃபர் வைக்க முடியும் என்பதே அந்த மெத்தைத் துணியில் தொடங்கியதுதான்.

ஆனால் எதுவும் இனாமாக வருவதில்லை. ஏஆர்-1 சத்தமாகப் பாட நிறைய மின்சக்தி கேட்டது. இந்தக் கணக்கைச் சுருக்கிச் சொன்னவர் ஆன்டன் ஹாஃப்மன். ஹென்றி க்ளாஸ் பிற்பாடு பிரிந்துபோய் 1957-இல் தொடங்கிய கேஎல்ஹெச் நிறுவனத்தில் 'ஹெச்' இவர்தான். சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்சக்தியில் நிறைய சத்தம்: மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம், மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும். ஹாஃப்மனின் இரும்பு விதி என்று இதைச் சொல்கிறார்கள். இவருடைய தந்தை புகழ்பெற்ற பியானோ மேதை யோசெஃப் ஹாஃப்மன். அவருக்கு இன்னொரு முகமும் உண்டு: கார்களுக்குக் காற்றால் இயங்கும் ஷாக் அப்சார்பர் கண்டுபிடித்தவர். அப்பன் காற்றைக் கார்ச் சக்கரத்துக்கு மேலே வைத்தார், மகன் பெட்டிக்குள் வைத்தார்.

இரும்பு விதி தெரிந்தபின் கடையில் இருக்கும் அட்டைப்பெட்டிகளைப் படிப்பது வேறு அனுபவம். '1500 வாட்ஸ்' என்று தங்க எழுத்தில் இருக்கும். பக்கவாட்டில் பொடி எழுத்தில் ஆர்எம்எஸ் 300 என்றிருக்கும். கணப்பொழுதுக்குத் தாங்கும் உச்சம் முதலாவது. தொடர்ந்து ஓடத் தாங்குவது இரண்டாவது. அந்த முந்நூறு வாட்டுக்கே கார் பாட்டரியிலிருந்து இருபத்தைந்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வழக்கமான இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து 110 வாட்தான். நிஜமாகவே 1500 வாட் ஓட்டினால் ராத்திரியில் ஒவ்வொரு அடிக்கும் எதிரே ரோடு மங்கி மங்கித் தெரியும்.

அப்பாவின் கண் மதிப்பு கணக்காக மாறியது ஆஸ்திரேலியாவில். நெவில் தீல் என்ற பொறியாளர் ஓட்டைப் பெட்டிகளைப் பற்றி 1961-இல் அங்கே ஒரு கட்டுரை வெளியிட்டார். மின்சுற்று வடிகட்டிகளுக்கு இருந்த கணிதத்தை அப்படியே பெட்டிக்குப் பொருத்தியிருந்தார். அந்த ஊர்ப் பத்திரிகையில் வந்ததால் உலகம் பத்து வருடம் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1971-இல்தான் அமெரிக்க ஒலிப் பொறியாளர் சங்கத்தின் இதழ் மறுபதிப்புச் செய்தது. சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்த ரிச்சர்ட் ஸ்மால் என்ற அமெரிக்கர், 1972, 73-இல் எழுதிய கட்டுரைகளில் அதை மூடிய பெட்டிக்கும் திறந்த பெட்டிக்குமாக விரித்தார். இன்றைக்கு எந்த ஒழுங்கான சப்வூஃபர் வாங்கினாலும் கூடவே ஒரு தாளில் எஃப்எஸ், க்யூடிஎஸ், விஏஎஸ் என்று சில எண்கள் வரும். தீல்-ஸ்மால் அளவைகள் என்று பெயர். கூம்பு எந்தச் சுருதியில் தானே அதிரும், அதை எவ்வளவு சீக்கிரம் அடக்க முடியும், அதன் விளிம்பின் விறைப்பு எத்தனை லிட்டர் காற்றின் விறைப்புக்குச் சமம் என்பது அவற்றின் பொருள். "உள்ள எவ்வளவு காத்து பிடிக்கும்?" என்று அப்பா கேட்டது அந்தக் கடைசி எண்ணைச் சேர்ந்த கேள்வி. ஸ்மால் பிற்காலத்தில் அமெரிக்காவின் இண்டியானாவில் கார் ஒலிக் கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்துக்கே வேலைக்குப் போனார்.

காருக்குள் பெரிய பேஸ் புகுந்த கதையை நான் விரித்து எழுதப் போவதில்லை. அதில் விஞ்ஞானத்தைவிட வீம்பு அதிகம். 1974-இல் 'எர்த்க்வேக்' படத்துக்கு சென்சரவுண்ட் என்ற பெயரில் தியேட்டருக்குள் பெரிய பெரிய பெட்டிகளை வைத்து நிலநடுக்கத்தை உடம்பில் உணர வைத்தார்கள். பேஸ் காதுக்கு மட்டுமல்ல என்று ஜனங்களுக்குப் பிடிபட்டது அப்போதுதான். 1980-இல் ஒக்லஹோமாவின் ஸ்டில்வாட்டர் ஊரில் ஸ்டீவ் எர்பி, கார்களுக்கும் பிக்கப் லாரிகளுக்கும் என்றே தனியாகப் பெட்டி செய்து கிக்கர் என்று விற்றார். அதே வருடம் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டிஆர்-808 என்ற தாள இயந்திரத்தைக் கொண்டுவந்தது. அதன் நீண்டு கரையும் 'பூம்' அடியை மயாமி இசைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அதைச் சரியாகக் கேட்பதற்கு வீட்டைவிடக் கார்தான் வாகாக இருந்தது. போட்டிகள் தொடங்கின. வெய்ன் ஹாரிஸ் என்பவர் 1960-ஆம் வருட கேடிலாக் அமரர் ஊர்தி ஒன்றை வாங்கி ஸ்பீக்கர்களால் நிரப்பிப் போட்டிக்கு ஓட்டிப்போனார். பெட்டிக்கு இடம் வேண்டும் என்பதில் அவ்வளவு தெளிவாக இருந்த இன்னொருவரை நான் படித்ததில்லை.

ஏன் கார் வாகாக இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ எட்டரை மீட்டர். என்னுடைய ஹேட்ச்பேக்கின் உட்புறம் மூன்று மீட்டர்கூட இல்லை. அலை விரிய இடமே கிடையாது. அறுபது ஹெர்ட்ஸுக்குக் கீழே காருக்குள் அலை என்பதே இல்லை. மொத்தக் காற்றும் ஒன்றாக அழுந்தி ஒன்றாகத் தளர்கிறது, சைக்கிள் பம்புக்குள் இருப்பது மாதிரி. அதனால் சுருதி கீழே போகப் போக அழுத்தம் கூடிக்கொண்டே போகும். கணக்குப்படி ஒவ்வோர் அட்டகத்துக்கும், அதாவது சுருதி பாதியாகும் ஒவ்வொரு தடவையும், 12 டெசிபல் ஏறும். நடைமுறையில் கண்ணாடியும் கதவு இடுக்குகளும் கொஞ்சம் தின்றுவிடும். வில்ச்சூரின் மூடிய பெட்டியோ அதே வேகத்தில், அட்டகத்துக்கு 12 டெசிபல், கீழே இறங்குவது. ஒன்று இறங்க ஒன்று ஏற, இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன. இதை யாரும் திட்டமிடவில்லை. புத்தக அலமாரிக்குச் செய்த பெட்டி, அதை நினைத்தே பார்க்காத ஒரு தகரக் கூண்டுக்குள் போய்ப் பொருந்திவிட்டது. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆக, என் சின்ன வண்டிக்கு மூடிய பெட்டி, பத்து அங்குலம், உள்ளே இருபது லிட்டர் என்று முடிவாகிவிட்டது போலத்தான் இருந்தது. பன்னிரண்டு அங்குல ஓட்டைப் பெட்டிக்கு அறுபது லிட்டர் ஆகும். பலகையின் கனம் சேர்ந்தால் இன்னும் மேலே. என் டிக்கியே 260 லிட்டர்தான். அம்மா ஊரிலிருந்து கொடுத்துவிடும் அரிசி மூட்டையையும் தேங்காயையும் எங்கே வைப்பது? ஆனால் அப்போதும் வாங்காமல் தள்ளிப்போட்டேன். காரணம் அப்பாவின் காது.

முப்பது வருடம் குழாய்க்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தவர். 2000-இல் மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் வந்து இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு வந்தபோது ஊரே புலம்பியது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஆனால் அதற்குள் காது போய்விட்டிருந்தது. மேல் சுருதிகள்தான் போயின. கீழ்ச் சுருதிகள் ஓரளவு இருக்கின்றன. தமிழில் அதற்கு அர்த்தம் என்னவென்றால், உயிரெழுத்து கேட்கிறது, மெய்யெழுத்து கேட்கவில்லை. 'சட்டை' என்றாலும் 'கட்டை' என்றாலும் 'பட்டை' என்றாலும் அவருக்கு ஒன்றுதான். மெல்லப் பேசினால் கேட்காது. கொஞ்சம் உரக்கப் பேசினால் "ஏண்டா கத்துற?" என்பார். இரண்டுக்கும் இடையில் இருக்கிற அந்த ஒல்லியான இடத்தில்தான் எங்கள் வீட்டில் பேச்சு நடக்கிறது.

வில்ச்சூரின் வாழ்க்கையை மேலும் படித்தபோது இங்கேயும் அவர் வந்து நின்றார். 1967-இல் தன் நிறுவனத்தை விற்றுவிட்டு, ஸ்பீக்கர்களை விட்டே விலகி, காது மிஷின் ஆராய்ச்சிக்குப் போயிருக்கிறார். காது கேளாதவர்களின் சிக்கல் சத்தம் போதாமை மட்டுமில்லை, கேட்கும் எல்லைக்கும் வலிக்கும் எல்லைக்கும் இடையே உள்ள தூரம் சுருங்கிப்போவதுதான் என்பதை எடுத்துக்கொண்டார். சுருதிகளைப் பட்டைபட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் மெல்லிய ஒலியை அதிகமாகவும் உரத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்கும் முறையை 1973-இல் வெளியிட்டார். காப்புரிமை எடுக்கவில்லை, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். இன்றைய காது மிஷின்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் வேலை செய்கின்றன. அப்பாவின் சட்டைப் பையில் கிடந்ததும் அந்த வகைதான். 2011-இல், 94 வயதில் இறந்திருக்கிறார். நான் டிக்கியில் வைக்கப்போகும் பெட்டிக்கும் அப்பா காதில் வைத்திருக்கும் பெட்டிக்கும் மூலம் ஒரே மனிதர் என்று தெரிந்தபோது என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவுக்கு போன் செய்து சொன்னேன். "சாப்பிட்டியா?" என்றாள்.

சிக்கல் என்னவென்றால், இந்த இரண்டு பெட்டிகளும் ஒன்றுக்கொன்று எதிரி. கீழ்ச் சுருதி மேல் சுருதியை மறைக்கும், மேல் சுருதி கீழ்ச் சுருதியை அவ்வளவாக மறைக்காது. வெகல், லேன் என்ற இருவர் 1924-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். நல்ல காதுக்கே அப்படி. அப்பாவுக்கு மிச்சமிருக்கிற கொஞ்சம் மெய்யெழுத்தும் பேஸில் கரைந்துவிடும். சென்னைக்கும் ஊருக்குமாக மாதம் ஒரு தடவை ஏழெட்டு மணி நேரம் நானும் அவரும் மட்டும் காருக்குள் இருக்கிறோம். நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது அங்கேதான். அதையும் அடைத்துவிட்டு 'டும் டும்' என்று எதற்கு?

இன்னொரு பக்கமும் இருந்தது. அவர் அந்த டிக்கி மூடியின் மேல் கை வைத்துக்கொண்டு நின்ற நின்றலை நான் மறக்கவில்லை. பத்து வருடமாக வீட்டில் பாட்டு ஓடினால் எழுந்து திண்ணைக்குப் போய்விடுகிறவர் அவர். அன்றைக்கு முழுப் பாட்டும் முடிகிற வரை கையை எடுக்கவில்லை.

கடைசியில் மூடிய பெட்டியைத்தான் எடுத்தேன். கூடவே, கியருக்குப் பக்கத்தில் மாட்டும் தனி வால்யூம் குமிழ் ஒன்று. பேஸை மட்டும் கூட்டவும் அணைக்கவும். ஆம்ப்பில் எழுபது ஹெர்ட்ஸுக்கு மேலே எதுவும் சப்வூஃபருக்குப் போகாதபடி வெட்டச் சொன்னேன். மாட்டிய பையன், "அப்ப பன்ச்சே இருக்காதுண்ணே" என்று வருத்தப்பட்டான். இருக்கட்டும் என்றேன். பெட்டி மட்டும் ரெடிமேட் வாங்கவில்லை. ஊரில் அப்பாவுக்குத் தெரிந்த ஆசாரியிடம் பதினெட்டு மில்லிமீட்டர் பலகையில், உள்ளே குறுக்குக் கட்டை கொடுத்து, மூலைக்கு மூலை பசை பூசி அடித்தோம். அப்பா பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். முடிந்ததும் நான்கு பக்கமும் முட்டியால் தட்டிப் பார்த்தார், ஒரு பக்கத்தை இரண்டு தடவை. உள்ளே திணிக்கப் பஞ்சு வாங்கி வைத்திருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பழைய வேட்டி ஒன்றை எடுத்துவந்தார். திணித்துப் பார்த்தேன். தடிமனான நூல் வேட்டி, பஞ்சு அளவுக்கு எடுபடாது. அவர் பார்க்காத நேரத்தில் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன், மாற்றவில்லை.

திண்டுக்கல் தாண்டி நாலுவழிச் சாலையில் ஏறியதும் எண்பதுகளின் பாட்டு ஒன்றைப் போட்டேன். பேஸ் கிடார் தரையிலிருந்து எழும்பி வந்தது. அப்பா சீட்டுக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் பாதத்தைத் தரையில் பதித்துக்கொண்டார். சுங்கச்சாவடி வரைக்கும் பேசவில்லை. பிறகு என் முகத்தைத் திரும்பிப் பார்த்தவர், கையை நீட்டிக் குமிழைத் திருகி அணைத்தார்.

"என்னமோ சொன்னியே?"

"ஒண்ணும் சொல்லலப்பா."

"சரி" என்று மறுபடியும் கூட்டிவைத்தார்.